பழைய பிக்கப்பின் ஹீட்டர் ஃபேன்: அறிகுறியைப் பார்த்து ஒயரிங் பிழையை நீக்கும் வழிமுறை

பழைய பிக்கப்பில் ஹீட்டர் ஃபேன் நின்றுவிட்டால் கால் குளிர்வது சிறிய தொல்லைதான். முன்கண்ணாடியில் படியும் ஆவியை நீக்குவதும் அதே காற்றுதான் என்பதால், மழை இரவிலும் ஈரமான விடியலிலும் எதிரே வருவது தெரியாமல் ஓட்ட நேரிடுகிறது. ஆகவே பிரேக் விளக்கு எரியாவிட்டால் எப்படி உடனே பார்ப்போமோ, அப்படியே இதையும் பார்க்க வேண்டும்.

ஃபேன் ஓடவில்லை என்றதும் மோட்டாரையோ ரெசிஸ்டரையோ வாங்கிவந்து மாட்டிவிடுவது பலரின் வழக்கம். சில நேரம் அது பலிக்கிறது; பல நேரம் சில வாரங்களில் அதே கோளாறு திரும்பி வருகிறது. இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய வண்டியில் பாகங்களுக்கு இணையாகவே அவற்றை இணைக்கும் கப்ளர்களும், வண்டியின் உலோக பாடியோடு சேரும் எர்த் முனைகளும், ஃபியூஸ் பிடிப்பான்களும் கெடுகின்றன. உருகிய கப்ளர் ஒரு விளைவு மட்டுமே. அதை உருக்கியது எது என்று தெரியாமல் புதிய பாகம் மாட்டினால் அந்தப் பாகமும் அதே வழியில் போய்விடும்.

மின்சாரம் போகும் வழி

பேட்டரியிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து இக்னிஷன் ஸ்விட்ச் அல்லது ஹீட்டர் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), பிறகு வேக ஸ்விட்ச், ரெசிஸ்டர், ஃபேனைச் சுழற்றும் புளோயர் மோட்டார், கடைசியாக எர்த் வழியாக மீண்டும் பேட்டரியின் எதிர்முனை (நெகட்டிவ்): இதுவே பொதுவான சுற்று. ரெசிஸ்டர் என்பது மின்சாரத்தைக் குறைக்கும் கம்பிச் சுருள்கள் கொண்ட சிறு தகடு. குறைந்த வேகத்தில் எல்லாச் சுருள்கள் வழியாகவும் மின்சாரம் போகிறது. வேகத்தைக் கூட்டக் கூட்டச் சுருள்கள் ஒவ்வொன்றாக விலகி, முழு வேகத்தில் ரெசிஸ்டரையே தொடாமல் நேராக மோட்டாருக்குப் போய்விடுகிறது. சுருள்கள் சூடாகும் என்பதால் ஃபேனின் காற்றே அவற்றைக் குளிர்விக்கும்படி காற்றுப் பெட்டிக்குள் பொருத்தியிருப்பார்கள். அளவுக்கு மீறிச் சூடானால் அறுந்துபோகும் வெப்பக் காப்பு ஒன்றும் பெரும்பாலான தகடுகளில் உண்டு.

தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, உங்கள் வண்டியில் வேக ஸ்விட்ச் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது. சில வண்டிகளில் ஸ்விட்ச் பாசிட்டிவ் பக்கத்தில் இருக்கும். மோட்டாரின் ஒரு முனை நிரந்தரமாக எர்த்தில் இருக்கும். பல ஜப்பானிய பிக்கப்களில் இது தலைகீழ். மோட்டாருக்குப் பாசிட்டிவ் ரிலே வழியாக எப்போதும் வந்துகொண்டிருக்கும். ஸ்விட்சும் ரெசிஸ்டரும் எர்த் பக்கத்தில் அமர்ந்திருக்கும். இந்த இரண்டாவது வகையில் இக்னிஷனைப் போட்டு, வேக ஸ்விட்சை மட்டும் அணைத்து வைத்துவிட்டு மோட்டாரின் இரு முனைகளையும் பாடியோடு சேர்த்து அளந்தால், இரண்டிலுமே 12 வோல்ட் காட்டும். அது ஷார்ட் அல்ல, இயல்பான நிலை. இது தெரியாமல் நல்ல ஒயரிங்கை வெட்டிப் பார்த்தவர்கள் உண்டு.

அளக்கும் முறை

மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப், ஃபியூஸ் பொருத்திய தனி ஒயர் ஒன்று, இவை போதும். ஒயரைக் கழற்றாமல் வெளியே கவ்வியே டி.சி. ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் வேலை பாதியாகும். சாதாரண மல்டிமீட்டரின் ஆம்பியர் துளை பெரும்பாலும் 10 ஆம்பியர் வரைதான் தாங்கும். புளோயர் மோட்டார் முழு வேகத்தில் 15 முதல் 25 ஆம்பியர் வரை இழுக்கக்கூடியது என்பதால், அந்தத் துளையைத் தொடரில் வைத்து இதை அளக்கவே கூடாது.

இந்த வேலையில் மிக முக்கியமான பழக்கம், ஃபேன் ஸ்விட்சைப் போட்டு, கப்ளர்கள் எல்லாம் மாட்டிய நிலையில், அதாவது சுமையோடு அளப்பது. கப்ளரைக் கழற்றி வைத்துக்கொண்டு அளந்தால், ஒரே ஒரு செம்பு இழையில் தொங்கும் ஒயர்கூட முழு 12 வோல்ட்டைக் காட்டும். மோட்டாரை மாட்டியதும் அந்த வோல்டேஜ் சரிந்துவிடும். கப்ளரின் பின்பக்கம், ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் மெல்லிய ஊசியைச் செருகி, இரு முனைகளுக்கும் குறுக்கே அளந்தால்தான் உண்மை தெரியும்.

0.05 ஓம் என்பது மல்டிமீட்டரில் தெளிவாகப் படிக்கவே முடியாத அளவு. ஆனால் அத்தனை தடை ஒரு கப்ளர் முனையில் இருந்து, அதன் வழியே 20 ஆம்பியர் ஓடினால், அங்கே 1 வோல்ட் தொலைகிறது. 20 வாட் வெப்பம் பிறக்கிறது. சிறிய சால்டரிங் அயர்ன் ஏறத்தாழ 25 வாட் என்பதை நினைத்துப் பாருங்கள்: விரல் நகத்தளவு இடத்துக்குள், பிளாஸ்டிக் சூழ்ந்து நிற்க, அவ்வளவு வெப்பம். கப்ளர் உருகுவதற்கு ஷார்ட் எதுவும் வேண்டியதில்லை. தளர்ந்த முனை ஒன்றே போதும்.

ஒயரை வெட்டும் வேலை, கப்ளர் மாற்றும் வேலை எதுவானாலும் முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள். அளக்கும் நேரத்தில் மட்டும் அதை மாட்டிக்கொள்ளலாம்.

எந்த வேகத்திலும் ஃபேன் ஓடவில்லை

முதலில் ஃபியூஸ். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாமல், டெஸ்ட் லேம்பின் ஒயரைப் பாடியில் மாட்டி, அதன் முனையை ஃபியூஸின் ஒவ்வொரு பக்கமாக வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் எரியாவிட்டால் ஃபியூஸ் போய்விட்டது. இரு பக்கமும் எரியாவிட்டால் ஃபியூஸுக்கு வரும் வழியிலேயே பிழை. ஃபியூஸ் நன்றாக இருந்தும் அதன் கால்கள் கறுத்திருந்தால், அதைப் பிடித்திருக்கும் உலோக நாக்குகள் தளர்ந்துவிட்டன என்று பொருள்.

ஃபியூஸைத் தாண்டி மின்சாரம் வருகிறது என்றால், அடுத்து மோட்டார் கப்ளருக்குப் போங்கள். வேகத்தை முழுமையாக வைத்து இரு முனைகளுக்கும் குறுக்கே அளங்கள். 11 வோல்ட்டுக்கு மேல் இருந்தும் மோட்டார் அசையவில்லை என்றால் மோட்டாரே பழுது. வோல்டேஜ் இல்லை என்றால், அதே நிலையில் பாசிட்டிவ் முனையைப் பாடியோடு அளங்கள். அங்கே 12 இருந்தால் பிழை எர்த் பக்கத்தில். அங்கும் இல்லை என்றால் பிழை ஃபியூஸுக்கும் மோட்டாருக்கும் இடையில். இந்த இரண்டு அளவைகளால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

எர்த் பக்கம் என்று தெரிந்தால், ஃபியூஸ் பொருத்திய தனி ஒயரால் மோட்டாரின் எர்த் முனையை நேராக பேட்டரியின் எதிர்முனையோடு இணைத்துப் பாருங்கள். ஃபேன் சீறிக்கொண்டு ஓடினால் மோட்டாரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஸ்விட்ச் எர்த் பக்கத்தில் உள்ள வண்டியாக இருந்தால் அந்த ஸ்விட்ச், அதன் எர்த் ஒயர் என்று தொடரலாம். மற்ற வண்டிகளில் எர்த் ஒயர் முடியும் போல்ட்டைத் தேடுங்கள். பெரும்பாலும் அது பயணி காலடியில், பக்கத் தகட்டுக்குப் பின்னால் அல்லது எஞ்சின் பக்கச் சுவரில் இருக்கும். இந்த போல்ட்டை வெளியிலிருந்து பார்த்து எதுவும் சொல்ல முடியாது. கழற்றினால் வளையத்துக்கு அடியில் பழைய பெயின்ட்டும் துருத் தூளும் இருக்கும். செம்பு முனையில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். உப்புத்தாளால் தகட்டையும் வளையத்தையும் பளபளக்கும்வரை தேய்த்து, பல்வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். கிரீஸ் இறுக்கிய பின்தான்.

ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டியதும் மோட்டாருக்கு உயிர் வந்தால், கார்பன் பிரஷ்கள் தேய்ந்துவிட்டன. அன்றைக்கு ஓடினாலும் அந்த மோட்டாரை நம்ப முடியாது, மாற்றிவிடுவதே சரி.

முழு வேகத்தில் மட்டும் ஓடுகிறது, மற்ற வேகங்கள் இல்லை

இது ரெசிஸ்டரின் அறிகுறி. எல்லாக் குறைந்த வேகங்களும் ஒன்றாகப் போயிருந்தால், மோட்டாரை ஒட்டிய சுருளோ வெப்பக் காப்போ அறுந்திருக்கும். மிகக் குறைந்த ஒரு வேகம் மட்டும் போயிருந்தால், கடைசிச் சுருள். தகட்டைக் கழற்றி மல்டிமீட்டரால் முனைக்கு முனை தொடர்ச்சி பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கண்டுபிடிப்பது எளிது என்பதால்தான் இந்த இடத்தில் பலர் தவறுகிறார்கள். நான் பராமரித்த ஒரு பழைய பிக்கப்பில் ஒரே குளிர்காலத்தில் இரண்டு ரெசிஸ்டர் போயிற்று. முதல் முறை கப்ளரின் நடுமுனைக்கு அருகே பிளாஸ்டிக் லேசாகப் பழுப்பேறியிருந்ததைப் பார்த்தும், பழசு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் முறை அந்தப் பழுப்பு கறுப்பாகி, துளை முட்டை வடிவத்துக்கு நெளிந்திருந்தது. உள்ளே இருந்த முனையின் பித்தளை நீலம் பாய்ந்து, கவ்வும் தன்மையை இழந்திருந்தது; புதிய ரெசிஸ்டரின் கால் அதற்குள் ஆடியது. மோட்டாரையும் கீழிறக்கிப் பார்த்தபோது, விசிறியின் பல்லிடுக்குகளில் மக்கிய இலைச்சருகு அடை போல ஒட்டியிருந்தது. தண்டைக் கையால் சுற்றினால் ஒரு சுற்றுகூட முழுதாக ஓடாமல் நின்றது. அந்த மோட்டார் அளவுக்கு மீறி இழுத்தது, கப்ளர் சூடாயிற்று, முனை தளர்ந்தது, இன்னும் சூடாயிற்று. நான் மாற்றிக்கொண்டிருந்த ரெசிஸ்டர் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டுமே.

ஆகவே ரெசிஸ்டர் போயிருந்தால் மூன்றையும் சேர்த்தே பாருங்கள்: தகடு, அதன் கப்ளர், மோட்டாரின் சுழற்சி. கையால் சுண்டிவிட்டால் விசிறி சில சுற்றாவது தானாக ஓடி நிற்க வேண்டும். மோட்டார் முழுதாக இறுகி நின்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். குறைந்த வேகத்தில் ரெசிஸ்டரே மின்சாரத்தைக் கட்டுப்படுத்துவதால் ஃபியூஸ் போகாமல் இருக்கலாம்; குளிர்விக்கும் காற்றும் இல்லை; சுருள் சிவக்கச் சூடாகிறது. வெப்பக் காப்பு இல்லாத பழைய தகடாக இருந்து, பெட்டிக்குள் காய்ந்த இலைகளும் கிடந்தால், அங்கே தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. புகை வாசனை வந்தால் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து பார்க்கும்வரை மீண்டும் போடாதீர்கள்.

குறைந்த வேகங்கள் உண்டு, முழு வேகம் இல்லை

பல வண்டிகளில் முழு வேகத்துக்குத் தனி ரிலேயும், சிலவற்றில் எஞ்சின் பக்கம் தனி ஃபியூஸும் இருக்கும். ஸ்விட்சை முழு வேகத்துக்குத் திருப்பும்போது ரிலே மீது விரல் வைத்துப் பாருங்கள். அது துடிப்பது தெரிந்தால் ரிலேயை இயக்கும் உள்சுருளின் பக்கம் சரி. 30 என்று குறித்த காலில் மின்சாரம் வருகிறதா, 87 வழியாகப் போகிறதா என்று அடுத்து பாருங்கள். துடிப்பே இல்லை என்றால் 85, 86 கால்களில் ஸ்விட்சின் கட்டளை வருகிறதா என்று அளங்கள். ரிலேயைக் கழற்றி, 30-ஐயும் 87-ஐயும் ஃபியூஸ் உள்ள ஒயரால் இணைத்ததும் ஃபேன் முழு வேகத்தில் ஓடினால், மோட்டாரும் பெரிய ஒயர்களும் நலம்; பழுது ரிலேயிலோ ஸ்விட்சிலோதான். ரிலே இல்லாத வண்டியில் ஸ்விட்சின் கடைசித் தொடுமுனை கருகியிருக்கும்.

எல்லா வேகங்களிலும் மெதுவாக ஓடுகிறது

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால், முழு வேகத்தில் வைத்து, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் மோட்டாரின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே அளங்கள். இடையில் தொலையும் வோல்டேஜைத்தான் இப்போது மீட்டர் காட்டுகிறது. அரை வோல்ட் வரை பொறுக்கலாம். மோட்டாரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஸ்விட்ச் எர்த் பக்கத்தில் இருந்தால் அந்த வழி நீளம் என்பதால் இன்னும் சிறிது கூடலாம். மீறினால், மீட்டரின் ஒரு முனையை அப்படியே விட்டு மற்றதைக் கப்ளர் கப்ளராக நகர்த்துங்கள். எண் சட்டென்று குதிக்கும் இடத்தில்தான் குற்றவாளி இருக்கிறது. ரிலேயே இல்லாமல் முழு மின்சாரமும் இக்னிஷன் ஸ்விட்ச் வழியே போகும் மிகப் பழைய வண்டிகளில் அது பெரும்பாலும் அந்த ஸ்விட்சின் கப்ளராகவே இருக்கும்.

வோல்டேஜ் முழுதாக வந்தும் மெதுவாக ஓடினால், மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ்கள் காய்ந்துவிட்டன. கீச்சென்ற சத்தமும் கூடவே வரும்.

பள்ளத்தில் இறங்கினால் நிற்கிறது, குலுங்கினால் ஓடுகிறது

ஃபேனைப் போட்டுவிட்டு, வண்டியை நிறுத்திய நிலையில், ஒயர்க் கட்டைக் கைப்பிடி அளவாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே போங்கள். எர்த் போல்ட், மோட்டார் கப்ளர், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஸ்விட்சின் கப்ளர் என்ற வரிசை எனக்குப் பலமுறை பலன் தந்திருக்கிறது. ஒயர் வெளியே முழுதாக இருந்து உள்ளே இழைகள் அறுந்திருப்பதும் உண்டு. மெல்ல இழுத்தால் அந்த இடத்தில் ரப்பர் போல நீளும்.

ஃபியூஸ் போகிறது

எப்போது போகிறது என்பதே பாதி விடை. ஸ்விட்சைப் போட்ட நொடியில் போனால் ஷார்ட். பத்து நிமிடம் ஓடிய பின் போனால், மோட்டார் அதிகம் இழுக்கிறது அல்லது ஃபியூஸின் பிடிப்பான் சூடாகிறது. ஹீட்டர் நெம்புகோலை நகர்த்தும்போது போனால், அதன் கம்பி ஏதோ ஒரு ஒயரின் தோலை உரித்திருக்கிறது.

ஷார்ட்டைத் தேட ஃபியூஸ்களை வரிசையாக எரித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஃபியூஸ் இருந்த இடத்தில் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை இணைத்துவிடுங்கள். ஷார்ட் இருந்தால் அது முழு வெளிச்சத்தில் எரியும். ஆனால் ஐந்து ஆம்பியருக்கு மேல் போகவிடாது என்பதால் ஒயர் கருகாது. இப்போது மோட்டார் கப்ளர், ரெசிஸ்டர் கப்ளர், ஸ்விட்ச் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். மோட்டாரைக் கழற்றியதும் பல்பு அணைந்தால் ஒயரிங்கை விட்டுவிட்டு மோட்டாரைத் தனியே சோதியுங்கள். நல்ல மோட்டாரும் பல்பை ஓரளவு எரியவைக்கும் என்பதை மறக்க வேண்டாம். எல்லாவற்றையும் கழற்றிய பின்னும் எரிந்தால் ஒயரில்தான் ஷார்ட். எஞ்சின் பக்கச் சுவரைத் துளைத்து ஒயர் உள்ளே வரும் இடத்தில் ரப்பர் வளையம் இற்றுப்போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

25 ஆம்பியர் ஃபியூஸ் போகிறதே என்று 40 மாட்டுவதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். ஃபியூஸ் காப்பது மோட்டாரை அல்ல, ஒயரை. பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒயர்க் கட்டு.

அணைத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது

சில வண்டிகளில் இக்னிஷன் போட்டால் ஃபேன் மெதுவாக ஓடுவதே தயாரிப்பாளரின் அமைப்பு. அதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படி இல்லை என்றால், ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். தட்டினால் விடும், ஆனால் மாற்றியே ஆக வேண்டும். ஸ்விட்ச் எர்த் பக்கத்தில் உள்ள வண்டியில், மோட்டாரிலிருந்து ஸ்விட்சுக்குப் போகும் ஒயர் எங்கேயாவது பாடியில் உரசினாலே ஃபேன் முழு வேகத்தில் ஓடத் தொடங்கிவிடும். ஃபியூஸ் போகாது என்பதால் இதை யாரும் ஷார்ட் என்று சந்தேகிப்பதில்லை.

உருகிய கப்ளரை மாற்றுவது

உருகிய கப்ளரைச் சுரண்டிச் சரிசெய்து மீண்டும் போடுவது வீண். ஒயரோடு கூடிய புதிய கப்ளரை வாங்கி, பழைய ஒயரைச் செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை வெட்டிவிடுங்கள். சூடுபட்ட செம்பு கறுத்திருக்கும். அதில் ஈயம் ஒட்டாது, கிரிம்ப்பும் (முனையை நசுக்கிக் கவ்வவைக்கும் இணைப்பு) நிலைக்காது. இதற்காகச் சில நேரம் ஒரு சாண் அளவுகூட வெட்ட வேண்டியிருக்கும். ஒயரின் தடிமன் பழையதற்குக் குறையக் கூடாது: 12 கேஜ் என்றால் சுமார் 3.3 சதுர மில்லிமீட்டர், 10 கேஜ் என்றால் 5.3. செம்பு பூசிய அலுமினிய ஒயரை இங்கே பயன்படுத்தாதீர்கள்.

இணைப்புக்கு நல்ல கிரிம்ப் கருவியால் அழுத்திய செம்புக் குழலையும், மேலே உள்பசை கொண்ட வெப்பச்சுருக்குக் குழாயையும் நான் விரும்புகிறேன். சால்டர் செய்தால், ஈயம் ஏறிய இடத்தின் விளிம்பில் ஒயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே ஒடியும் என்பதால் இரு பக்கமும் கட்டித் தாங்கல் கொடுக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவது 20 ஆம்பியர் ஓடும் ஒயருக்கு இணைப்பே அல்ல. நான்கு ஒயர்கள் இருந்தால் இணைப்புகள் ஒரே இடத்தில் வராமல் முன்னும் பின்னுமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

கப்ளரை மூடும் முன், மேலிருந்து தண்ணீர் இறங்குகிறதா என்றும் பாருங்கள். கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகால் இலையால் அடைத்திருந்தால் மழைநீர் காற்றுப் பெட்டிக்குள் வந்து மோட்டாரில் விழும். ஹீட்டர் ரேடியேட்டர் கசிந்தால் கூலன்ட் அதே வேலையைச் செய்யும், இனிப்பு வாசனை அதைக் காட்டிக்கொடுக்கும். சில மோட்டார்களில் காற்றுப் பெட்டியிலிருந்து மோட்டாருக்குள் காற்று கொண்டுபோகும் சிறு ரப்பர் குழாய் இருக்கும். அது கழன்றிருந்தால் மாட்டிவிடுங்கள், மோட்டாரைக் குளிர்விப்பது அதுதான்.

எல்லாம் மாட்டிய பின், எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு வேகத்தையும் சோதித்து, முழு வேகத்தில் பதினைந்து நிமிடம் விடுங்கள். பிறகு மோட்டார் கப்ளர், ரெசிஸ்டர் கப்ளர், ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றை வரிசையாகத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. எங்கேயாவது விரலை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால், அந்த முனையைத் திறந்து மீண்டும் அளக்க வேண்டும்.